சாவி தொலைந்த தரையடிப் பெட்டகம்

முன்னுரை

பொருளைத் தேடுதல் ஒரு கலை. தேடிய பொருளைக் காத்தல் மற்றொரு கலை. காக்கும் கலையின் கருவியாக மனிதன் கண்டதே பூட்டு. சாவி கையிலிருக்கும் வரை அப்பூட்டு உடையவனுக்கு ஏவலாளாக நின்று கள்வனைத் தடுக்கின்றது. சாவி தொலைந்த அன்றே உடையவனையும் கள்வனைப் போலவே வெளியில் நிறுத்திவிடுகின்றது. உரிமையாளன் யார், அயலான் யார் என்று பிரித்தறியும் அறிவு இரும்புக்கு இல்லை. அவ்வறிவை நாம் சாவி என்னும் சிறு துண்டிலும், வீட்டில் ஓரிருவருடைய நினைவிலும் மட்டுமே வைத்திருக்கின்றோம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய வீடுகளை விலைக்கு வாங்கிக் குடிபுகுவோர், தரைவிரிப்பை மாற்றும்போதோ பலகைத் தளத்தைப் பெயர்த்துப் புதுப்பிக்கும்போதோ, காலடியில் இரும்பு மூடியொன்றைக் கண்டு வியப்பதுண்டு. தரைக்குள் புதைக்கப்பட்ட பாதுகாப்புப் பெட்டகத்தின் மூடி அது. பூட்டியிருக்கும், சாவி இராது. வீட்டை விற்றவரைக் கேட்டால், அப்படியொன்று இருந்ததையே தாம் அறியார் என்பார். அப்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அதனைத் திறப்பது எவ்வாறு? திறக்குமுன் அஞ்ச வேண்டியவை யாவை? உள்ளே பொருள் இருப்பின் அஃது யாருக்கு உரியது? இம்மூன்றனுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வகைப் பெட்டகம் மேலைநாட்டு வழக்கமே எனினும், சாவியும் செய்தியும் விட்டுச் செல்லாமல் முதியவர் மறைந்துவிடும் நிலை நம் இல்லங்களுக்கும் புதிதன்று.

தரையடிப் பெட்டகத்தின் அமைப்பு

நம் முன்னோர் இல்லங்களில் 'இரும்புப் பெட்டி' என வழங்கியது தரைமேல் நிற்பது. தரையடிப் பெட்டகமோ தரைக்குள் இறங்கியிருப்பது. தளத்தில் குழி தோண்டி, எஃகினாலான கூட்டினை அதனுள் இறக்கி, நாற்புறமும் அடியிலும் கான்கிரீட் நிரப்புவர். மூடி மட்டும் தரைமட்டத்திற்குச் சற்றுத் தாழ நிற்கும். அதன்மேல் பலகையோ விரிப்போ இட்டு மறைத்துவிடுவர். மூடி இருவகைப்படும்: கீல் வைத்துத் திறப்பது ஒன்று, முழுவதுமாகத் தூக்கி எடுப்பது மற்றொன்று. கடைகளில் அமைக்கும் பெட்டகங்கள் சிலவற்றில் ஒரு குழாயும் உண்டு. இரவில் கடையில் இருப்பவர் அன்றைய பணத்தைச் சாவியின்றியே அக்குழாய் வழியாக உள்ளே போடலாம். எடுப்பதற்கு மட்டுமே சாவி வேண்டும்.

இவ்வமைப்பின் நன்மை தெளிவானது. கள்வனால் இதனைத் தூக்கிச் செல்ல இயலாது. ஐந்து பக்கமும் கான்கிரீட் காப்பதால் மேல்மூடி ஒன்றையே அவன் தாக்க முடியும். அதனினும் முதன்மையானது, இப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்பதாகும். பிரித்தானியக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு பெட்டகத்திற்கும் ரொக்க மதிப்பளவு ஒன்றை வைத்திருக்கின்றன. நகை முதலிய பொருள்களாயின் பொதுவாக அதனைப்போல் பத்து மடங்கு வரை வைக்கலாம் என்பது அவற்றின் வழக்கம். 4,000 பவுன் ரொக்கத்திற்குத் தகுதி பெற்ற பெட்டகத்தில் 40,000 பவுன் மதிப்புள்ள நகைகளை வைக்கலாம். நகையை விற்கப் புகும் கள்வன் அகப்படக்கூடும். ரொக்கத்திற்கு அடையாளம் இல்லை என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

தீமையும் உண்டு. தரைக்குள் இருப்பதால் ஈரம் சேரும். கான்கிரீட் உலர நெடுநாள் ஆகும். உலர்ந்த பின்னும் நிலத்தின் ஈரத்தை அது வாங்கும். உள்ளிருக்கும் பத்திரங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பூட்டின் உறுப்புகள் துருப்பிடிக்கும்.

மறைவே மறதியாதல்

கள்வன் அறியக் கூடாது என்பதற்காக மறைத்த பொருளை வீட்டாரும் அறியாமற் போவது எளிது. குடும்பத் தலைவர் தாம் மட்டும் அறிந்து வைத்திருப்பார். அல்லது மனைவிக்கு மட்டும் கூறியிருப்பார். இருவரும் மறைந்தபின் மக்கள் வீட்டை விற்பர். வாங்கியவர் பழைய தளத்தின்மேல் புதிய விரிப்பை இடுவார். சாவிக்கொத்தில் எதற்கென்று தெரியாத நீண்ட சாவியொன்று சில ஆண்டுகள் கிடந்து, பின்னர்ப் பழைய இரும்போடு போய்விடும். கடையாக இருந்து பின் வீடாக மாறிய கட்டடங்களிலும் இதுவே நிகழும். இவ்வாறு இரண்டு மூன்று கைகள் மாறிய பிறகு, பெட்டகம் இருப்பதற்குச் சான்றாக அதன் மூடியைத் தவிர வேறெதுவும் எஞ்சுவதில்லை.

இங்கே ஓர் உண்மையை முன்னரே கூறிவிடுதல் நலம். வீட்டை விட்டுச் செல்பவர் தம் பொருளை எடுத்துக்கொண்டே செல்வர். ஆதலால் இத்தகைய பெட்டகங்கள் வெறுமையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. புதையல் கிட்டும் என்னும் ஆசையால் உந்தப்பட்டுப் பெருஞ்செலவு செய்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் உரிமையாளர் திடீரென இறந்துபோன வீடுகளில் நிலைமை வேறு. பணத்தைவிடக் குடும்பத்தின் நிலப்பத்திரமோ இறுதி விருப்ப ஆவணமோ உள்ளே இருத்தல் கூடும்.

பூட்டின் உள்ளமைப்பு

'திறவுகோல்' நம் மொழியின் பழஞ்சொல். 'சாவி' போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து நம்மோடு கலந்த சொல்; அலமாரி, சன்னல், மேசை ஆகியனவும் அவ்வழி வந்தனவே. திறக்கும் கோல் என்னும் பெயரில் ஒரு நுட்பம் உள்ளது. பூட்டின் உள்ளே இருக்கும் தடையை வெளியிலிருந்து ஒரு கோல் கொண்டு சரியான நிலைக்கு உயர்த்துவதே எல்லாச் சாவிகளும் செய்யும் தொழில் எனலாம்.

பிரித்தானியத் தரையடிப் பெட்டகங்களில் பெரும்பாலும் காணப்படுவது லீவர் பூட்டு. திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதன் இயல்பை எளிதில் உணர்வர். உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், அவையே லீவர்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வழி வெட்டப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் தத்தம் தகட்டினை உரிய அளவுக்கு உயர்த்தும்போது அவ்வழிகள் யாவும் ஒரே நேர்கோட்டில் வரும். அப்போதுதான் பூட்டின் நாக்கு நகரும். ஒரு தகடு ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் நாக்கு நகராது. மிகையாக உயர்ந்தாலும் நகராது. குறைதல், மிகுதல் என்னும் இருவழியிலும் தடுக்கும் இவ்வமைப்பினை 1778-இல் இராபர்ட் பாரன் என்னும் ஆங்கிலேயர் கண்டார். வீட்டுக் கதவுப் பூட்டுக்கு ஐந்து லீவர் போதும் என்பர். பெட்டகப் பூட்டில் ஏழும் அதற்கு மேலும் இருக்கும்.

1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவிகளைக் கொண்டு திருட்டு நடைபெற்றது. அதனையடுத்து, தனக்குரிய சாவியாலன்றித் திறக்க இயலாத பூட்டினைச் செய்வோருக்குப் பரிசளிப்பதாகப் பிரித்தானிய அரசு அறிவித்தது. 1818-இல் ஜெரமையா சப் என்பவர் அத்தகைய பூட்டொன்றைச் செய்து காப்புரிமை பெற்றார். அயலான் எவனேனும் ஒரு லீவரை மிகையாக உயர்த்திவிட்டால், ஒரு வில் அதனைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் உரிமையாளர் தம் சாவியை இடும்போது அது திறவாது. யாரோ முயன்றிருக்கிறார்கள் என்பதை அவர் உணர்ந்து, பூட்டைச் சரிசெய்துகொண்டு திறப்பார்.

1851 உணர்த்திய பாடம்

சப் பூட்டினை எவராலும் திறக்க இயலாது என்று ஆங்கிலேயர் நம்பியிருந்தனர். ஜோசப் பிராமா 1784-இல் காப்புரிமை பெற்ற பூட்டின் மீதும் அத்தகைய நம்பிக்கையே இருந்தது. தம் பூட்டைச் சாவியின்றித் திறப்போருக்கு 200 கினி பரிசு என்னும் அறைகூவலோடு, பிராமா நிறுவனத்தார் இலண்டன் பிக்கடில்லியில் தம் கடையின் சன்னலில் அதனை வைத்திருந்தனர். பல்லாண்டுகள் கடந்தும் பரிசினை எவரும் பெறவில்லை.

1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்கு ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் வந்தார். சப் பூட்டினை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்துகாட்டினார். பிராமா பூட்டினை 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்து, 200 கினியையும் பெற்றார். அவர் எதனையும் உடைக்கவில்லை என்பதே கருதத்தக்கது. சப் பூட்டில் கள்வனைக் காட்டிக்கொடுக்க அமைத்த அந்த வில்லையே, எந்த லீவர் எவ்வளவு உயர வேண்டும் என்பதை அறிவதற்குத் துணையாகக் கொண்டார்.

இந்நிகழ்ச்சி ஆங்கிலேயரின் பெருமிதத்தைக் குலைத்தது. எனினும் பூட்டுத் தொழிலை வளர்த்தது. திறக்க இயலாத பூட்டு என ஒன்று இல்லை. திறப்பதற்கு வேண்டிய காலத்தையும் அறிவையும் மிகுதிப்படுத்துவதே பூட்டினால் ஆவது என்னும் தெளிவு அன்று பிறந்தது. சாவி தொலைந்த பெட்டகத்தைக் கண்டவர் முதலில் கொள்ள வேண்டிய கருத்தும் இதுவே. வலிமையைப் பயன்படுத்துமுன் அறிவைப் பயன்படுத்த வேண்டும்.

திறக்கும் முறைகள்

தேர்ந்த பெட்டகத் தொழிலாளர் கையாளும் முறைகளை வரிசைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, தேடுதல். பெட்டகத்தின் சாவி பெட்டகத்திற்கு வெகு தொலைவில் இருப்பது அரிது. நிலைப்படியின் மேற்புறம், அலமாரி இழுப்பறையின் பின்புறம், படிக்கட்டின் கீழுள்ள ஆணி, பழைய சாவிக்கொத்து ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். வீட்டை விற்றவரையும், அவருடைய வழக்கறிஞரையும், அண்டை வீட்டு முதியவர்களையும் கேட்க வேண்டும். செலவில்லாத முறை இதுவே. பலர் முதலில் கைவிடுவதும் இதனையே.

இரண்டாவது, துப்புரவு. மூடியைச் சுற்றியுள்ள இடுக்கில் மணலும் சிமெண்டுத் தூளும் இறுகியிருக்கும். பூட்டு திறந்தே இருந்தும், இந்த இறுக்கத்தால் மூடி எழும்பாமல் இருத்தல் கூடும். தூசியை உறிஞ்சி எடுத்து, சாவித்துளையைத் தூய்மை செய்தபின்னரே பூட்டு உண்மையில் பூட்டியிருக்கின்றதா என்பது விளங்கும்.

மூன்றாவது, அடையாளம் காணுதல். மூடியிலோ கைப்பிடியிலோ நிறுவனத்தின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு எவ்வகைப் பூட்டு, எத்தனை லீவர், நாக்கு எப்பக்கம் நகரும் என்பனவற்றைத் தொழிலாளர் அறிந்துகொள்வார். உரிமைக்குச் சான்று காட்டினால் சாவி எண்ணைக் கொண்டு புதிய சாவி செய்துதரும் நிறுவனங்களும் உண்டு.

நான்காவது, சாவியின்றித் திறத்தல். ஹாப்ஸ் செய்ததைப் போலவே, நுண்ணிய கருவிகளால் ஒவ்வொரு லீவரையும் உணர்ந்து உயர்த்துவது இம்முறை. இதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். இம்முறையில் திறக்கப்பட்ட பெட்டகத்திற்குச் சேதம் சிறிதும் இல்லை. புதிய சாவி செய்து மீண்டும் பயன்படுத்தலாம்.

ஐந்தாவது, துளையிடுதல். முந்தைய முறைகள் பயன்படாதபோது மட்டுமே இது மேற்கொள்ளப்படும். பூட்டின் வரைபடத்தைக் கொண்டு இடத்தைக் கணித்து, ஒரே ஒரு சிறு துளையிடுவர். அதன்வழி ஒளியோடு கூடிய மெல்லிய குழலைச் செலுத்தி உள்ளே பார்த்து, லீவர்களை நேர்ப்படுத்தித் திறப்பர். மருத்துவர் வயிற்றினுள் பார்க்கும் உள்நோக்குக் கருவிக்கு இஃது உறவு எனலாம். பணி முடிந்ததும் துளையைக் கடின எஃகினால் அடைத்துவிடுவர்.

எண்பூட்டும் ஒரு பேராசிரியரும்

அமெரிக்கத் தரையடிப் பெட்டகங்களில் சாவிக்கு மாறாகச் சுழல்வட்டு பொருத்திய எண்பூட்டே மிகுதி. 0 முதல் 99 வரை எண்கள் பொறித்த வட்டை மூன்று எண்களுக்கு முறையாகத் திருப்பினால் திறக்கும். கணக்கின்படி 10 இலட்சம் சேர்க்கைகள் உண்டு. எனினும் நடைமுறை வேறு.

1965-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான ரிச்சர்டு பைன்மன், இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அணுகுண்டு பற்றிய இரகசிய ஆவணங்கள் எண்பூட்டுப் பேழைகளில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அவர் ஓய்வுநேரத்தில் ஆராய்ந்தார். உரிய எண்ணுக்கு இரண்டு முன்னோ பின்னோ நின்றாலும் பூட்டு ஏற்றுக்கொண்டது. எனவே ஓரிடத்திற்கு 100 எண்களுக்குப் பதிலாக 20 எண்களைச் சோதித்தாலே போதும். 10 இலட்சம் 8,000 ஆகச் சுருங்கிற்று. 1985-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் அவர் மேலும் ஒரு செய்தி கூறுகின்றார். அதிகாரி ஒருவர் வரவழைத்திருந்த பெரிய பெட்டகத்தை, அவர் சென்றபின் அங்கிருந்த பூட்டுத் தொழிலாளர் எளிதில் திறந்துவிட்டாராம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது வைக்கப்பட்டிருந்த எண்ணை அதிகாரி மாற்றவேயில்லை. பின்னர்ப் பைன்மன் அந்த ஆலை எண்களைப் பிறருடைய பெட்டகங்களில் முயன்றபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று திறந்தது.

எண்ணை மறந்த பெட்டகத்தைத் திறக்கும் தொழிலாளர் இன்றும் ஆலை எண்களையே முதலில் முயல்கின்றனர்; அடுத்துப் பிறந்தநாள், மணநாள், வீட்டு எண் ஆகியவற்றைக் கேட்கின்றனர். அதன்பின் வட்டைத் திருப்பி, உள்ளிருக்கும் சக்கரங்களின் தொடுநிலையை விரலால் உணர்ந்து எண்களைக் கண்டறிகின்றனர். சேர்க்கைகளைத் தானே ஒவ்வொன்றாகச் சோதிக்கும் இயந்திரமும் உண்டு.

செய்யத் தகாதன

ஆர்வத்தால் சம்மட்டி எடுப்போர் பலர். அவர்கள் அறிய வேண்டுவன சில. பெட்டகங்கள் பலவற்றில் மீள்பூட்டு என்னும் இரண்டாம் காவல் உண்டு. பூட்டினை அடித்தாலோ தவறான இடத்தில் துளையிட்டாலோ, அதுவரை அடங்கியிருந்த ஆணி விசையோடு பாய்ந்து மூடியை இறுக்கிக்கொள்ளும். உயர்வகைப் பெட்டகங்களில் இதற்கென ஒரு கண்ணாடித் தகடே பொருத்தப்பட்டிருக்கும். துளைக்கருவி பட்டு அது நொறுங்கினால் மீள்பூட்டு விழும். அதன்பின் உரிய சாவி கிடைத்தாலும் திறவாது.

எரிவளிச் சுடரால் அறுத்தால் மூடி திறக்கும். உள்ளிருக்கும் தாள்கள் சாம்பலாகும். அறுக்கும் சக்கரத்தின் தீப்பொறி பலகைத் தளத்தில் பற்றும். பழைய தீக்காப்புப் பெட்டகங்கள் சிலவற்றின் சுவரினுள் கல்நார் நிரப்பப்பட்டிருந்தது. அதன் நுண்ணிழைகளைச் சுவாசித்தால் பல்லாண்டு கழித்தும் நுரையீரல் நோய் தோன்றும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பெட்டகங்கள் சிலவற்றினுள் கண்ணீர்ப்புகைக் குப்பிகளும் வைக்கப்பட்டன. கள்வனுக்கென வைத்த அக்குப்பி, இன்று பெட்டகத்தை உடைக்கும் வீட்டுக்காரர் முகத்தில் வெடித்துச் சிதறக்கூடும்.

தொழிலாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நேர்மையான பெட்டகத் தொழிலாளர், வீடு உங்களுடையதுதானா என்பதற்குச் சான்று கேட்பார். அதனை அவமதிப்பாகக் கருதுதல் தவறு. கேளாமலே திறக்க முன்வருபவர் நாளை வேறொருவருக்கு நம் வீட்டுப் பெட்டகத்தையும் திறந்துகொடுப்பார். திறக்கும் வேளையில் சான்றாளர் இருவரை உடன் வைத்துக்கொண்டு, உள்ளிருப்பவற்றை அங்கேயே பட்டியலிட்டுக் கையொப்பம் பெறுவது பின்வரும் பூசல்களைத் தவிர்க்கும்.

உள்ளிருப்பது யாருக்கு உரியது?

மூடி திறந்தபின் தொடங்குவதே கடினமான பகுதி. 'என் வீடு, என் தரை, ஆகவே என் பொருள்' என்று எண்ணுதல் இயல்பு. சட்டம் அவ்வளவு விரைவாக உடன்படுவதில்லை.

ஆங்கிலச் சட்டத்தில் 1722-ஆம் ஆண்டின் வழக்கொன்று அடிப்படையாக விளங்குகின்றது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கல் பதித்த நகையைக் கண்டெடுத்துப் பொற்கொல்லரிடம் காட்டினான். கடையிலிருந்தவர் கல்லை எடுத்துக்கொண்டு வெறும் கூட்டினைத் தந்தார். உண்மை உரிமையாளரைத் தவிர ஏனையோர் அனைவரினும் கண்டெடுத்தவனுக்கே உரிமை மிகுதி என்று கூறி, நீதிமன்றம் அச்சிறுவன் பக்கம் தீர்ப்பளித்தது. 'உண்மை உரிமையாளரைத் தவிர' என்னும் தொடரே இதன் உயிர்நாடி.

1963-இல் முடிவான வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இலண்டன் மாநகரில் பழைய கட்டடமொன்றை இடித்த தொழிலாளர்கள், நிலவறைச் சுவரில் பதிந்திருந்த இரும்புப் பெட்டகத்தினுள் மரப்பெட்டியொன்றைக் கண்டனர். அதில் 5,728 பவுன் மதிப்புள்ள வங்கித்தாள்கள் இருந்தன. வைத்தவர் யாரெனத் தெரியவில்லை. சுவரோடு பொருந்திய பெட்டகம் கட்டடத்தின் பகுதி. ஆதலால், தாம் அறியாதிருந்தும், இடத்தை உடைமையாகக் கொண்டிருந்தோருக்கே தொழிலாளர்களைவிட உரிமை மிகுதி என நீதிமன்றம் கூறிற்று. குத்தகை ஆவணத்தில் இருந்த விதியின்படி அத்தொகை நில உரிமையாளரான இலண்டன் மாநகராட்சிக்குச் சென்றது. தரையடிப் பெட்டகமும் கட்டடத்தின் பகுதியே. ஆகவே தளம் பெயர்க்க வந்த தொழிலாளரைவிட வீட்டுக்காரருக்கு உரிமை மிகுதி எனலாம்.

ஆனால் முன்னைய உரிமையாளர் இன்னார் என்று தெரிந்தால்? அமெரிக்காவின் அரிசோனா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பு இதற்கு விடையாகும். பணத்தை வீட்டினுள் மறைத்துவைக்கும் பழக்கமுடைய முதியவர் ஒருவர் 2001-இல் இறந்தார். தந்தையின் இயல்பறிந்த புதல்வியர் வீடெங்கும் தேடி, மறைத்து வைத்திருந்தவை பலவற்றைக் கண்டெடுத்தனர். இனி ஒன்றுமில்லை என்று கருதி 2008-இல் வீட்டை விற்றனர். வாங்கியவர் வீட்டைப் புதுப்பித்தபோது, சுவர்களினுள் இரும்புப் பேழைகளில் ஏறத்தாழ 5 இலட்சம் டாலர் இருந்தது. வீட்டை உள்ளது உள்ளவாறே வாங்கியதால் பணமும் தமதே என்று வாங்கியவர் வாதிட்டனர். அறியாத பொருளை ஒருவர் கைவிட்டார் என்று கூற முடியாது. எனவே அப்பணம் இறந்தவரின் வாரிசுகளுக்கே உரியது என நீதிமன்றம் முடிவு செய்தது. வீட்டை விற்றவர் வீட்டை விற்றாரேயன்றி, தாம் அறியாத செல்வத்தை விற்றாரல்லர் என்பது இதன் கருத்து.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இத்தகைய கண்டெடுப்புகளைப் பற்றிப் பேசுகின்றது. நிலத்திலோ நிலத்தோடு பொருந்திய ஒன்றிலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளும் புதையல் என்பது அச்சட்டத்தின் விளக்கம். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். ஆட்சியர் பொது அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும் ஒரு நாளைக் குறித்து, உரிமை கோருவோரை அழைப்பார். 100 ஆண்டுகளுக்குள் மறைத்தவரோ அவர்வழி வந்தவரோ முன்வந்தால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வாய்ப்பளிக்கப்படும். உரிமையாளர் எவரும் இல்லையென்று அறிவிக்கப்பட்டு, வேறு உடன்பாடும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் இடத்தின் உரிமையாளருக்கு நான்கில் ஒரு பங்கும் ஆகும். அறிவிக்காமல் மறைத்தவர் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியவராவார்.

இஸ்லாமிய நெறியும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. வழியில் கிடைத்த பொருளை ஓராண்டு வரை அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்பது நபிமொழி வழிவந்த விதி. உரியவர் வரும் வரை அது கண்டவர் கையில் அமானிதமே.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால், சாவியில்லாப் பெட்டகத்தின் முன் நிற்பவர் மேற்கொள்ள வேண்டிய ஒழுங்கு புலனாகின்றது. முதலில் வினவுதல்; அடுத்துத் தேடுதல்; பின்னர்த் தேர்ந்தவரை அழைத்தல்; சான்றோடு திறத்தல்; கிடைத்ததை அறிவித்தல். உடைத்தல் இவ்வரிசையில் இல்லை.

பெட்டகத்தை வைத்திருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. அரிசோனாவின் முதியவர் தம் மக்களுக்காகவே செல்வத்தைக் காத்திருப்பார். ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்திருந்தால், அம்மக்கள் பல்லாண்டுகள் சுவர்களைத் தட்டித் தேடியிருக்க வேண்டியதில்லை. அயலாரோடு நீதிமன்றம் ஏறியிருக்கவும் வேண்டியதில்லை. நம் இல்லத்துப் பெரியவர்களும் இதனைக் கருத வேண்டுகிறோம். வங்கிப் பெட்டகம் எங்குள்ளது, வீட்டுப் பத்திரம் எந்தப் பேழையில் உள்ளது, சாவி யாரிடம் உள்ளது என்பனவற்றை நம்பிக்கைக்குரிய இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். எண்பூட்டின் எண்ணை உறையிலிட்டு ஒட்டி, பெட்டகம் இருக்கும் வீட்டிலன்றி வேறோர் இடத்தில் ஒப்படைத்தல் நலம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் நல்வழக்கம் நம்மிடையே முன்னரே உண்டு. அவ்வேட்டின் இறுதிப் பக்கத்தில் சாவி இருக்கும் இடத்தையும் எழுதிவிட்டால், நமக்குப் பின் வருவோர் நம் தரையை உடைக்க வேண்டிய தேவை எழாது.